சரணம் சொல்லி மானைக் கலைத்த விவகாரம்

பெயர் நஞ்சப்பன். தகப்பனார் பெயர் காளியண்ணன். வயது நாற்பத்தொன்பது. டெக்சாஸ் மாநிலம் ஃபிரிஸ்கோ நகரில் சொந்த வீட்டில் மனைவி வசந்தாமணியுடனும் மகள் தென்றலுடனும் குடியிருந்து வருகிறேன். பூர்வீகம் கோபிசெட்டிபாளையத்துக்கு அருகில். ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். ஐயப்பனுக்கு மாலை போட்டிருப்பதால் தற்சமயம் என்னைத் தெரிந்தவர்கள் எல்லோரும் சாமி என்றுதான் கூப்பிடுகிறார்கள். இதில் அப்படி எழுத வேண்டாம், நஞ்சப்பன் என்றே எழுதவும் என்று மொழிபெயர்ப்பாளர் கலாவதி அவர்களைக் கேட்டுக்கொண்டேன்.

எனக்கு ஆங்கிலம் வரும். என்னை விசாரிக்கும் வனவிலங்குக் காவல் அதிகாரியும் ஆங்கிலத்திலேயே சொல்லலாமே என்றார். வயிறு எரியும்போது எனக்கு ஆங்கிலம் பாதி வழியில் நின்றுவிடும் என்பதால் தமிழில் சொல்ல அனுமதி கேட்டேன். அவர் மறுக்கவில்லை.

ஃபிரிஸ்கோவிலிருந்து மேற்கே மூன்று மணி நேரம் கார் ஓட்டிப் போனால் ரேஞ்ச் எனப்படும் பெரிய மேய்ச்சல் நிலம் ஒன்று இருக்கிறது. அந்த நிலம் ஒரு வயதான அம்மாளுக்குச் சொந்தம். அதில் மான் வேட்டையாட ஐந்து குடும்பங்கள் சேர்ந்து வருடா வருடம் லீஸ் எடுத்து வருகிறோம். ஐந்து பேரும் இதே மாநிலத்தில் வசிப்பவர்கள். என்னை முதன்முதலில் அங்கே அழைத்துப் போனவர் டேல் என்பவர். அவர் அந்த ரேஞ்சுக்குப் பக்கத்து ஊரில் ஏசி பழுது பார்ப்பவர். முன்பு ஃபிரிஸ்கோவில் வேலை பார்த்த காலத்தில் என் வீட்டு ஏசியைப் பழுது பார்க்க வந்த இடத்தில் பழக்கமாகி, பேச்சு வேட்டைக்குப் போய், அதன் பிறகு குடும்பமாகப் பழகி வருகிறோம். டேல் சுவரில் கொம்பு மாட்டுகிறவர் இல்லை. அவர் வீட்டில் வருடம் முழுக்க மான் கறிதான்.

ரேஞ்சில் எத்தனை மான் இருக்கிறது என்று பார்த்து, அந்த வருடம் எத்தனை சுடலாம் என்பதை மாநில வனவிலங்குத் துறை முடிவு செய்து, அதற்குத் தக்கபடி ரேஞ்சுக்கு டேக் என்ற அனுமதிச் சீட்டுக் கொடுக்கும். ஒரு டேக்குக்கு ஒரு மான். டேக் தீர்ந்தால் அந்த வருட வேட்டையும் தீர்ந்தது. பெட்டை மானுக்கு டேக் தாராளமாகக் கிடைக்கும். கொம்பு முற்றிய ஆண் மானுக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். ஆகவே முற்றிய மானை யார் சுடுவது என்பதற்குக் குடும்பத்துக்குக் குடும்பம் முறை வைத்திருந்தோம். எங்கள் தோட்டத்துப் பக்கம் வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைப்பதைப் போலத்தான். முறை தவறி யாரும் மடை திறந்ததில்லை.

இந்த வருடம் முறை எங்கள் வீட்டுக்கு. சுட வேண்டியது என் மனைவி வசந்தாமணி. அவள் என்னை விட நன்றாகக் குறி பார்ப்பாள். இத்தனை வருடம் மற்றவர்கள் சுட்டதை அறுத்துக் கழுவிப் பங்கு வைத்தே அவள் காலம் போயிற்று. அவளுக்கென்று நாங்கள் விட்டு வைத்திருந்த மான் ஒன்று உண்டு. இடது காதில் ஓட்டை விழுந்திருக்கும். வசந்தாமணி அதற்குக் கடுக்கன் என்று பெயர் வைத்தாள். குட்டிக் கொம்போடு திரிந்த நாளிலிருந்து காமிராவில் பார்த்து வருகிறோம். அந்தக் காமிராவை மரத்தில் கட்டியதும் அவள்தான்.

அதன் பிறகு சேனாபதி பற்றிச் சொல்ல வேண்டும். மேற்படி சேனாபதி பெருந்துறைப் பக்கத்துக்காரர். இங்கே உள்ள எங்கள் பக்கத்து ஆட்கள் மாலை போடும்போது அவர்தான் குருசாமி. பல வருடம் சபரிமலைக்குப் போய் வந்தவர். என் மனைவிக்குக் கட்டி ஆபரேஷன் நடந்த சமயம் ஆஸ்பத்திரியில் என்னோடு உட்கார்ந்திருந்தவர். எங்கள் குழுவில் ஒரு குடும்பம் ஊர் மாறிப் போனபோது அந்த இடத்துக்கு நான்தான் அவரைச் சிபாரிசு செய்தேன். டேல் தயங்கினார். இந்த ஆள் மானைப் பற்றிப் பேசுவதை விட நிலத்தைப் பற்றியே அதிகம் பேசுகிறானே என்றார். நான் அவருக்காகப் பொறுப்பு ஏற்றுக்கொண்டேன். எனக்காக டேல் சரி என்றார்.

அதன் பிறகு சேனாபதி ரேஞ்ச் வேலையை எல்லாம் தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தார். கேட் சாவி, டேக், ரேஞ்ச் அம்மாளோடு பேச்சுவார்த்தை எல்லாம் அவரிடமே போயிற்று. நாங்களும் ஒருவர் பார்த்துக்கொள்கிறாரே என்று சும்மா இருந்துவிட்டோம்.

கார்த்திகை பிறக்கிற சமயம்தான் இங்கே மான் சீசன் சூடு பிடிக்கும். மாலை போட்டவன் ஒரு மண்டலத்துக்குக் கறி மீன் தொடக் கூடாது, உயிரைக் கொல்லக் கூடாது, கோபப்படக் கூடாது. வீட்டிலும் கறி சமைக்க மாட்டார்கள். இதனாலேயே நான் பல வருடமாக மாலையைத் தள்ளிப் போட்டு வந்தேன். இந்த வருடம் சேனாபதி வீட்டுக்கு வந்து, “ஏனுங்க நஞ்சப்பன், வசந்தாமணிக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சா மாலை போடறேன்னு ஆஸ்பத்திரில வேண்டுனீங்களே, மறந்து போச்சுங்களா?” என்று கேட்டார். வேண்டியது உண்மை. என் மனைவி முகத்தைப் பார்த்தேன். கடுக்கன் விஷயமாகத்தான் அவள் யோசிக்கிறாள் என்று தெரிந்தது. சேனாபதிக்கும் தெரிந்தது. “நம்ம ரேஞ்சுக்குத்தான் பொங்கல் கழிஞ்சும் சீசன் இருக்குதுல்லங்க. நீங்க மாலையைக் கழட்டுனதுக்கப்புறம் அவங்க நிம்மதியாப் போய் சுடட்டும். உங்க டேக்கை நான் தனியா எடுத்து வெச்சர்றேன். கடுக்கனை ஒருத்தரும் தொட மாட்டாங்க, நான் கேரண்டி” என்றார். வசந்தாமணி சரி என்று சொல்லி அவருக்குக் காபி போட உள்ளே போனாள்.

அதன் பிறகு கோயிலில் வைத்து அவர் தன் கையாலேயே எனக்கு மாலை போட்டார். காதருகே குனிந்து மந்திரம் சொன்னார். நான் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். அவரும் அன்றைக்கே மாலை போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு நான் ரேஞ்ச் பக்கமே போகவில்லை. கறுப்பு வேட்டி, செருப்பில்லாத கால், இரண்டு வேளைக் குளியல், வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை என்று நாள் போயிற்று. சேனாபதி அடிக்கடி போன் செய்து, “சாமி, எல்லாம் நல்லா இருக்குதுங்க சாமி” என்று சொல்லி வந்தார். அவர் சாமி என்று கூப்பிடும்போது மனசுக்கு இதமாகத்தான் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

அதன் பிறகு எங்கள் வீட்டில் படி பூஜை வைத்தோம். பூஜையை நடத்தியவர் சேனாபதி. அவரோடு சாய்ராம் என்ற இளைஞர் வந்திருந்தார். நியூ ஜெர்சி ஐசலினிலிருந்து வந்து சேனாபதி வீட்டில் தங்கியிருப்பதாகச் சொன்னார். அவர் நல்ல பையன். அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை என்பதையும் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன். பூஜை முடிந்து நான் சாம்பார் வாளியோடு பந்தியில் வரும்போது அவர், “அங்கிள், நீங்களும் ஹன்ட்டராமே! இவனைப் பாருங்க. நாளைக்கு மார்னிங் இவன்தான் என் டார்கெட். காதுல ஓட்டை இருக்கு பாருங்க, சோ கூல்!” என்று போனை நீட்டினார்.

போனில் இருந்தது கடுக்கன். அது என் மனைவி கட்டிய காமிராவில் எடுத்த படம். படத்தின் ஓரத்தில் தெரிந்த, மானுக்குத் தீனி கொட்டும் மக்காச்சோளப் பீப்பாய் நானும் டேலும் தோளில் சுமந்து போய் நட்டது.

யார் ஏற்பாடு என்று கேட்டேன். “சேனாபதி அங்கிள்தான். ஃபுல் பேக்கேஜ் அங்கிள். ஸ்டே, ஃபுட், கைடு எல்லாம். பே ஏரியா ஃப்ரெண்ட்ஸ் போன வீக்கெண்ட் வந்துட்டுப் போனாங்க. நெக்ஸ்ட் இயர்லேருந்து முழு ரேஞ்சும் அவர் கம்பெனிக்குத்தானாமே” என்றார். வெளி மாநிலத்து ஆட்களைக் காசு வாங்கிக்கொண்டு அழைத்து வந்து, மானைக் காட்டி, சுட வைத்து அனுப்பும் தொழிலை இங்கே அவுட்ஃபிட்டர் என்பார்கள். எங்கள் குருசாமி அவுட்ஃபிட்டர் ஆன சங்கதியை நான் என் வீட்டுப் பந்தியில், கையில் சாம்பார் வாளியோடு தெரிந்துகொண்டேன்.

பின்னால் பாயசத்தோடு வந்துகொண்டிருந்த வசந்தாமணியும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டாள். “அது என்ற மானுங்க தம்பி” என்றாள். சாய்ராம் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார். அவள் அவருக்கு இரண்டு கரண்டி பாயசம் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.

அதன் பிறகு நான் சேனாபதியை கராஜுக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் கொஞ்சமும் பதறவில்லை. “பையன் ஏதோ ஒளர்றானுங்க சாமி. அது வேற மானு. காதுல ஓட்டை ஒரு மானுக்குத்தான் இருக்கோணுமா?” என்றார். நாளைக் காலை எங்கே இருப்பீர்கள் என்று கேட்டேன். “கோயில்ல நெய்யபிஷேகம் இருக்குதுங்களே. விடியறதுக்குள்ள அங்க இருப்பேன்” என்றார். போகும்போது என் தோளைத் தட்டி, “கோவப்படக் கூடாதுங்க சாமி. மாலை போட்டிருக்கறீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு டேலுக்கு போன் செய்தேன். அவர் ரேஞ்ச் அம்மாளைக் கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார். ஐந்து குடும்பமும் வேட்டையை விட்டு விலகச் சம்மதித்துவிட்டதாகவும், இந்த வருடத்து மிச்ச டேக்கை எல்லாம் தன் கம்பெனி எடுத்துக்கொள்வதாகவும் சேனாபதி அந்த அம்மாளிடம் சொல்லியிருக்கிறார். அம்மாள் நம்பிவிட்டார். டேலின் டேக்கும் அதில் போயிற்று. டேல் என்னைத் திட்டவில்லை. உங்கள் சாமியார் என் ஃபிரீசரையும் காலி பண்ணிவிட்டாரே என்று மட்டும் சொன்னார். அவர் வார்த்தை ஆங்கிலம், அர்த்தம் இதுதான். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

அன்று நள்ளிரவுக்கு மேல் நான் காரை எடுத்துக்கொண்டு விடிவதற்குள் ரேஞ்சுக்குப் போய்ச் சேர்ந்தேன். லீஸில் என் பெயர் இருப்பதால் உள்ளே போக எனக்கு உரிமை உண்டு. கேட் பூட்டை சேனாபதி மாற்றியிருந்தார். கம்பி வேலியைத் தாண்டிப் போனேன். கறுப்பு வேட்டியை மடித்துக் கட்டி, சட்டைக்கு மேல் ஆரஞ்சு நிற வேட்டை வெஸ்ட் போட்டிருந்தேன். துப்பாக்கி கொண்டு போகவில்லை. கையில் பூஜை மணி மட்டும் இருந்தது. செருப்புப் போடவில்லை. சப்பாத்திக் கள்ளி முள் இரண்டு காலிலும் ஏறியது. அதில் ஒன்று இன்னும் உள்ளே இருக்கிறது.

விடியும் நேரம் மக்காச்சோளப் பீப்பாய்க்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு மரத்தின் பின்னால் போய் நின்றேன். எதிர்ப்பக்கம் வேட்டைக்காரர் மறைந்து உட்காரும் பெட்டி. மரப்பலகையில் நான் அடித்தது. உள்ளே சாய்ராமும் கூலிக்கு அமர்த்திய கைடு ஒருவரும் இருப்பார்கள் என்று நினைத்தேன். சேனாபதி கோயிலில் இருப்பார் என்றே அப்போதும் நம்பினேன். தொழிலில் கள்ளத்தனம் செய்தாலும் மாலையோடு வேட்டைக்கு வர மாட்டார் என்று ஒரு எண்ணம். இவ்வளவுக்குப் பிறகும் அவர் மேல் அந்த அளவு மரியாதை எனக்கு மிச்சம் இருந்தது.

கடுக்கன் வந்தது. முதலில் இரண்டு பெட்டை மான்கள், அப்புறம் அது. நேரில் பார்க்கும்போது படத்தை விடப் பெரிதாக இருந்தது. தலையைத் தூக்கி மோப்பம் பிடித்துவிட்டுச் சோளத்தை நோக்கி நடந்தது. நான் மணியை அடித்து, அடிவயிற்றிலிருந்து “சாமியே” என்று கத்தினேன்.

பெட்டிக்குள்ளிருந்து, “சரணம் ஐயப்பா” என்று பதில் வந்தது.

சரணம் விளிப்பவர் சாமியே என்று எடுத்துக் கொடுத்தால் கூட இருப்பவர் சரணம் ஐயப்பா என்று சொல்ல வேண்டும். வருடக்கணக்காக மலை ஏறினவருக்கு அது யோசித்துச் சொல்வது அல்ல. வாய் தானாகச் சொல்லிவிடும். அவர் வாயும் சொல்லிவிட்டது. என் காதருகே குனிந்து மந்திரம் சொன்ன அதே குரல். அதைக் கேட்டதும் எனக்கு என்ன ஆயிற்று என்றால், கோபம் கூட வரவில்லை. கால் முள் அப்போதுதான் வலித்தது. அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன்.

மான்கள் வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டன. நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே சரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் கழித்துப் பெட்டியின் கதவு திறந்தது. சாய்ராம் முதலில் இறங்கி, “அங்கிள், ஆர் யூ ஓகே?” என்று கேட்டார். பின்னால் சேனாபதி இறங்கினார். கறுப்பு வேட்டி, கழுத்தில் மாலை, நெற்றியில் விபூதி, கழுத்தோரம் தொங்கும் பைனாகுலர்.

கோயிலுக்குப் போகவில்லையா என்று கேட்டேன். “நான் எங்கீங்க சுட்டேன்? வந்தவங்க சுடறாங்க. நான் சும்மா காட்டிக் குடுக்கறேன், அவ்வளவுதான். விரதம் கெட்டுப் போச்சுங்களா சாமி?” என்றார். உண்மையிலேயே என்னிடம் விளக்கம் கேட்பவர் மாதிரிக் கேட்டார். அவர் மனசுக்குள் இதற்கு எப்போதோ பதில் தயார் செய்து வைத்திருந்தார் என்று புரிந்தது. என் மனைவியின் முறையும் டேலின் கறியும் அந்தப் பதிலுக்குள் எங்கேயும் வரவில்லை.

அவர்தான் எனக்கு மாலை போடச் சொன்னார். மாலை போட்டால் சீசன் முழுக்க நான் ரேஞ்ச் பக்கம் வர மாட்டேன், வந்தாலும் சண்டை போட மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். என் வேண்டுதலை எனக்கே பூட்டாகப் போட்டுவிட்டார். ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து, மனைவி பிழைக்க வேண்டுமென்று பயத்தில் வாய் விட்டு வேண்டியதை, பக்கத்தில் இருந்த நண்பர் இதற்காக ஞாபகம் வைத்திருப்பார் என்று யார் நினைப்பார்கள்? அவர் சுட்டது மானை அல்ல என்பது சரிதான்.

அதன் பிறகு, சட்டப்படி வேட்டையில் இருந்தவர்களுக்கு நான் வேண்டுமென்றே இடைஞ்சல் செய்ததாக சேனாபதியின் கம்பெனி புகார் கொடுத்தது. அதன் பேரில்தான் என்னை இங்கே அழைத்திருக்கிறார்கள்.

வக்கீல் சந்தானம் அவர்களிடம் ஆலோசனை கேட்டேன். “பூஜைக்குப் போனேன்னு சொல்லிடுங்க சார். ரிலிஜியஸ் விரதம், ப்ரேயர், அவ்வளவுதான். மானைக் கலைக்கணும்னு இன்டென்ஷன் இல்லைன்னா கேஸே நிக்காது. கலைக்கத்தான் போனேன்னு சொன்னா உங்க வேட்டை லைசென்ஸுக்கே ஆபத்து” என்றார். அவர் தொழிலுக்கு அவர் சொன்னது நியாயம்தான். அவரைக் குறை சொல்லவில்லை.

நேற்று சேனாபதியும் போன் செய்தார். “சாமி, பூஜைன்னே எழுதிக் குடுத்துருங்க. நானும் ஆமான்னு சொல்லிப் புகாரை வாபஸ் வாங்கிக்கறேன். நமக்குள்ள எதுக்குங்க இதெல்லாம்? டேக் விஷயத்தையெல்லாம் அவங்ககிட்ட எதுக்குப் பேசிக்கிட்டு?” என்றார். எனக்கு அப்போது விளங்கியது. நான் பூஜைக்குப் போனதாகச் சொன்னால் ஏன் போனாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஏன் என்று கேட்காவிட்டால் யாருடைய டேக் யாருக்குப் போயிற்று என்பதும் வெளியே வராது. இரண்டு பேரும் தப்பித்துக்கொள்ளலாம். டேல் மட்டும் கறி இல்லாமல் நிற்பார்.

போனை வைத்ததும் வசந்தாமணியிடம் சொன்னேன். உண்மையைச் சொன்னால் இனிமேல் நான் துப்பாக்கி எடுக்க முடியாமல் போகலாம் என்றும் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் என் காலில் ஏறிய முள்ளை ஊசியால் நோண்டிக்கொண்டிருந்தாள். “போனாப் போகட்டுமுங்க. போறது உங்க லைசென்ஸ்தானுங்களே. என்றது இருக்குதுல்ல?” என்றாள்.

ஆகவே அதிகாரி கேட்ட கேள்விக்கு என் பதில் இது. அன்று காலை நான் சாமி கும்பிடப் போகவில்லை. மானைக் கலைக்கப் போனேன். வேண்டுமென்றே போனேன். அந்த மான் என் மனைவியின் முறை, அந்த டேக் இந்த மாநிலத்தில் வசிக்கும் எங்கள் ஐந்து குடும்பத்தின் டேக், அதைச் சொல்லாமல் எடுத்து வெளியாருக்குக் கொடுத்தார்கள் என்பதால் போனேன். சரணத்தை அதற்குப் பயன்படுத்தியது தப்பு. அதற்கு ஐயப்பனிடம் நான் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், அது இந்த அலுவலகத்துக்குச் சம்பந்தமில்லை. இடைஞ்சலுக்கு என்ன தண்டனையோ அதை ஏற்றுக்கொள்கிறேன். டேக் போன வழியைத் துறையார் விசாரிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மாலையை குருசாமி கையால் கழற்றுவது வழக்கம். நான் சேனாபதியிடம் போவதாக இல்லை. கோயில் குருக்களிடம் கேட்டுக் கழற்றிக்கொள்வேன். அன்றைக்குப் பிறகு கடுக்கன் காமிராவில் வரவில்லை. வந்தால் வசந்தாமணிக்குத்தான் முதலில் தெரியும்.

நான் சொன்னதைக் கலாவதி அவர்கள் எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார்கள். வாசிக்கும்போது ஒரு இடத்தில் பழக்கதோஷத்தில், “சரிங்களா சாமி?” என்று கேட்டார்கள். நஞ்சப்பன் என்று சொன்னேன். இதில் கூட்டிச் சொன்னது ஏதும் இல்லை, ஒளித்து வைத்ததும் ஏதும் இல்லை. யார் மிரட்டியும் சொல்லவில்லை, யார் சொல்லிக் கொடுத்தும் சொல்லவில்லை. கழுத்தில் மாலையோடு சொல்லி, கழுத்தில் மாலையோடு கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) கா. நஞ்சப்பன்

என் முன்னிலையில் எழுதி வாசித்துக் காட்டப்பட்டது.
(ஒப்பம்) கலாவதி, மொழிபெயர்ப்பாளர்